ஒன்பதாம் வகுப்பில் தொடங்கும் கணக்கு: சிகாகோ அரசுப் பள்ளிகளும் ஜிபிஏவும் – ஒரு நிகழ்வு ஆய்வு

அமெரிக்காவின் சிகாகோ நகரில் அரசுப் பள்ளிகள் பெரும்பாலும் இரண்டு படிகளாக அமைந்துள்ளன. மழலையர் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை ஒரே பள்ளியில், ஏறத்தாழ ஒரே ஆசிரியர் குழுவின் பார்வையில் வளரும் பிள்ளைகள், ஒன்பதாம் வகுப்புக்கு வேறொரு பள்ளிக்கு, பல நேரங்களில் நகரின் வேறொரு பகுதிக்கே, போய்ச் சேர்கிறார்கள். அங்கே அது 'ஹைஸ்கூல்'. ஒன்பதாம் வகுப்பில் இருப்பவர் 'ஃப்ரெஷ்மேன்'. 1990களின் இறுதியில் அப்படிச் சேர்ந்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேரே பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்து முடித்தார்கள். வறுமை, குடும்பச் சூழல், தெருவில் நடக்கும் வன்முறை, எட்டாம் வகுப்புக்குள்ளேயே பலவீனமாகிப்போன அடித்தளம் என்று இதற்குச் சொல்லப்பட்ட காரணங்கள் எல்லாம் உண்மையானவைதாம். ஆனால் அவை ஹைஸ்கூலின் கைக்கு எட்டாதவையாகவோ, பிள்ளை அங்கு வந்து சேர்வதற்கு முன்பே நடந்து முடிந்தவையாகவோ இருந்தன. அடுத்த பதினைந்து ஆண்டுகளில் அந்த நகரம் தன் பார்வையை ஒன்பதாம் வகுப்பின் மதிப்பெண் பட்டியல் பக்கம் திருப்பியது. அதன் விளைவுகளை, ஜிபிஏ (எல்லாப் பாடங்களின் தரப்புள்ளிச் சராசரி) என்ற எண்ணைப் புரிந்துகொள்ள விரும்பும் புதிய ஹைஸ்கூல் மாணவரையும் அவர் பெற்றோரையும் மனத்தில் வைத்து இங்கே பார்க்கலாம்.

பொதுத்தேர்வுச் சூழலிலிருந்து அமெரிக்காவுக்குச் சென்ற தமிழ்க் குடும்பங்களுக்கு இந்த நிகழ்வு கூடுதலாகப் பொருந்தும். தமிழ்நாட்டில் ஒன்பதாம் வகுப்பு என்பது பத்தாம் வகுப்புக்கான காத்திருப்பு அறை. அந்த ஆண்டின் மதிப்பெண்ணை யாரும் பின்னாளில் கேட்பதில்லை. சில தனியார் பள்ளிகள் ஒன்பதாம் வகுப்பிலேயே பத்தாம் வகுப்புப் பாடத்தைத் தொடங்கிவிடுவதும் அந்த அலட்சியத்தின் இன்னொரு முகம். அந்தப் பழக்கத்தோடு அமெரிக்கப் பள்ளிக்குள் நுழைபவர், விழித்துக்கொள்ளும்போது கணக்கில் மூன்றில் ஒரு பங்கு எழுதி முடிக்கப்பட்டிருக்கும்.

எண் எப்படி உருவாகிறது

பொறியியல் படித்தவர்களுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. ஒவ்வொரு பாடத்துக்கும் கிரெடிட் (தேறினால் கணக்கில் சேரும் அலகு) உண்டு. பெற்ற தரத்துக்குப் புள்ளி உண்டு. இரண்டையும் பெருக்கிக் கூட்டி, மொத்தக் கிரெடிட்டால் வகுத்தால் சராசரி வந்துவிடும். அமெரிக்க ஹைஸ்கூலில் உச்சம் பத்துக்குப் பதில் நான்கு. ஏ தரத்துக்கு 4, பி தரத்துக்கு 3, சி தரத்துக்கு 2, டி தரத்துக்கு 1, எஃப் என்றால் சுழியம். நூற்றுக்கு 90ஐத் தொட்டால் ஏ, 80ஐத் தொட்டால் பி, 70க்கு சி, 60க்கு டி என்பது பரவலான வழக்கம். சில பள்ளி மாவட்டங்கள் (ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் நிர்வாகங்கள்) ஏ-மைனசுக்கு 3.7, பி-பிளசுக்கு 3.3 என்று நுணுகிப் பிரிக்கும்; சில பிரிப்பதில்லை. ஒரு செமஸ்டரில் சம கிரெடிட் உள்ள ஆறு பாடங்கள் படிக்கும் மாணவி மூன்றில் ஏ, இரண்டில் பி, ஒன்றில் சி வாங்கினால் மொத்தம் 20 புள்ளிகள், சராசரி 3.33. ஐந்தில் பி வாங்கி ஒன்றில் மட்டும் எஃப் வாங்கினால் 15 புள்ளிகள், சராசரி 2.5. நன்றாகப் படித்த ஐந்து பாடங்களின் உழைப்பிலிருந்து அரைப் புள்ளியை அந்த ஒற்றை எஃப் எடுத்துக்கொண்டுவிடுகிறது.

எஃப் என்பதை நம் ஊர் 'அரியர்' போல எடுத்துக்கொள்வது பெரிய தவறான புரிதல். அரியர் வைத்தவர் அடுத்த முறை தேர்வை மட்டும் எழுதித் தேறிவிடலாம். அமெரிக்க ஹைஸ்கூலில் தனியாகத் திரும்ப எழுதும் தேர்வு என்று பெரும்பாலும் எதுவும் இல்லை. கோடை விடுமுறையிலோ மாலை வகுப்பிலோ இணையவழியிலோ அந்தப் பாடத்தையே மறுபடி படித்துக் கிரெடிட்டை மீட்க வேண்டும். அல்ஜீப்ரா தேறாதவருக்கு அடுத்த ஆண்டு ஜியாமெட்ரியில் இடம் கிடைப்பதும் சிக்கலாகிறது. மீட்ட பிறகு பழைய எஃப் சராசரியிலிருந்து நீங்குமா, இல்லை இரண்டும் சேர்ந்தே நிற்குமா என்பதை அந்தந்த மாவட்டத்தின் விதி தீர்மானிக்கும்.

இனி, தரம் ஒவ்வொரு பாடத்துக்குள்ளும் எப்படி விளைகிறது என்று பார்க்க வேண்டும். சராசரியைக் கணக்கிடத் தெரிந்தவர்கள்கூட இந்த இடத்தைக் கவனிப்பதில்லை. ஆண்டுத் தொடக்கத்தில் ஆசிரியர் கொடுக்கும் பாடத்திட்டத் தாளில், வீட்டுப்பாடத்துக்கு இவ்வளவு, வகுப்புப் பணிக்கு இவ்வளவு, சிறு தேர்வுகளுக்கு இவ்வளவு, செமஸ்டர் இறுதித் தேர்வுக்கு இவ்வளவு என்று விழுக்காடு போட்டிருக்கும். பல பாடங்களில் இறுதித் தேர்வின் பங்கு ஐந்தில் ஒன்றைத் தாண்டுவதில்லை. கடைசி இரண்டு வாரம் கண்விழித்துப் படித்து ஈடுகட்டிவிடலாம் என்ற நம்பிக்கைக்கு இங்கே இடமே இல்லை, ஏனெனில் ஈடுகட்ட வேண்டிய பகுதி எப்போதோ பதிவாகிவிட்டது. அதைவிட முக்கியம், கொடுக்காத வீட்டுப்பாடம் பலரது மதிப்பெண் பதிவேட்டில் சுழியமாக ஏறுகிறது என்பது. நான்கு ஒப்படைப்புகளில் 90 வாங்கிய மாணவர் ஐந்தாவதைக் கொடுக்காமல் விட்டால் சராசரி 72. ஏ தரத்திலிருந்தவர் சி தரத்துக்கு இறங்கிவிடுகிறார். அரைகுறையாக எழுதி 50 வாங்கியிருந்தாலும் 82 வந்து பி தரத்தில் நின்றிருப்பார். சுழியத்தின் இந்தக் கொடுமை நியாயமா என்று அமெரிக்க ஆசிரியர்களுக்குள்ளேயே நீண்ட விவாதம் நடக்கிறது. குறைந்தபட்ச மதிப்பெண்ணை 50 என்று வைத்துக்கொண்ட பள்ளிகளும் உண்டு. விவாதம் எப்படி முடிந்தாலும், ஒன்பதாம் வகுப்புக்கு வருபவர் தன் ஆசிரியர் எந்த வழக்கத்தைப் பின்பற்றுகிறார் என்பதை முதல் வாரத்திலேயே தெரிந்துகொள்வது நல்லது.

கடைசியாக, ஆண்டுகள் சேரும் விதம். ஒன்பதாம் வகுப்பை 2.0 சராசரியோடு முடித்தவர் பத்தாம் வகுப்பு இறுதியில் 3.0ஐத் தொட வேண்டுமானால் அந்த ஆண்டு எல்லாப் பாடத்திலும் ஏ வாங்க வேண்டும். பதினொன்றாம் வகுப்பு இறுதிக்குள் தொட வேண்டுமானால் இரண்டு ஆண்டுகளும் 3.5 வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பு முழுவதையும் சேர்த்துக்கொண்டால் மூன்று ஆண்டுகளுக்கு 3.33 போதும், ஆனால் கல்லூரி விண்ணப்பங்கள் பன்னிரண்டாம் வகுப்பின் இலையுதிர் காலத்திலேயே போய்விடுவதால், விண்ணப்பத்தில் நிற்கும் எண் முதல் மூன்று ஆண்டுகளின் எண்தான்.

சிகாகோ கண்டது

சிகாகோ பல்கலைக்கழகத்தை ஒட்டி 1990இல் தொடங்கப்பட்ட பள்ளி ஆய்வுக் கூட்டமைப்பு ஒன்று, நகரத்தின் அரசுப் பள்ளிகளிலிருந்து பல ஆண்டுத் தரவுகளைப் பெற்று ஆராய்ந்து வந்தது. அதன் ஆய்வாளர்கள் 'ஆன்-டிராக்', அதாவது 'தடத்தில் இருப்பது', என்று ஓர் அளவுகோலை வகுத்தார்கள். ஒன்பதாம் வகுப்பின் முடிவில் முழு ஆண்டுக் கிரெடிட் குறைந்தது ஐந்து சேர்த்திருக்க வேண்டும். ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூக அறிவியல் ஆகிய முதன்மைப் பாடங்களில் ஒரு செமஸ்டர் எஃப்புக்கு மேல் இருக்கக் கூடாது. இவ்வளவுதான் வரையறை. இதில் நுண்ணறிவுத் தேர்வும் இல்லை, குடும்ப வருமானமும் இல்லை.

எலைன் ஆலன்ஸ்வொர்த், ஜான் ஈஸ்டன் ஆகிய இருவரும் 2005இல் வெளியிட்ட ஆய்வு, இந்த எளிய அளவுகோலின் வலிமையைக் காட்டியது. ஒன்பதாம் வகுப்பின் முடிவில் தடத்தில் இருந்தவர்கள் நான்கு ஆண்டுகளில் பள்ளிப்படிப்பை முடிக்கும் வாய்ப்பு, தடம் விலகியவர்களைவிட மூன்றரை மடங்குக்கும் அதிகமாக இருந்தது. எட்டாம் வகுப்புத் தேர்வில் கடைசிக் கால்பகுதியில் நின்றும் ஒன்பதாம் வகுப்பில் தடத்தில் இருந்த மாணவர்கள், அதே தேர்வில் முதல் கால்பகுதியில் நின்று ஒன்பதாம் வகுப்பில் தடம் விலகியவர்களைவிட அதிக விகிதத்தில் பள்ளியை முடித்தார்கள். எட்டாம் வகுப்பு வரை 'கெட்டிக்காரப் பிள்ளை' என்று பெயரெடுத்தது ஒன்பதாம் வகுப்பில் காப்பாற்றவில்லை என்பதே இதன் பொருள்.

2007இல் வந்த அடுத்த ஆய்வு, பாடங்களில் தோற்பது ஏன் என்று தேடியது. கிடைத்த பதில் ஏமாற்றம் தரும் அளவுக்குச் சாதாரணமானது: வருகை. ஒன்பதாம் வகுப்பில் பாடத்தில் தோற்பதை முன்கூட்டிக் காட்டுவதில் வருகைப்பதிவு, எட்டாம் வகுப்புத் தேர்வு மதிப்பெண்ணைவிட எட்டு மடங்கு வலுவாக இருந்தது. ஒரு செமஸ்டரில் ஒரு வாரம் விடுப்பு எடுத்தாலே தோல்விகள் கூடின. உயர்ந்த தேர்வு மதிப்பெண்ணோடு வந்து செமஸ்டருக்கு இரண்டு வாரம் வகுப்பைத் தவறவிட்டவர்கள், தாழ்ந்த மதிப்பெண்ணோடு வந்து ஒரு வாரம் மட்டும் தவறவிட்டவர்களைவிட அதிகப் பாடங்களில் தோற்றார்கள். தமிழ்க் குடும்பங்கள் இந்த இடத்தில் சற்று நின்று யோசிக்கலாம். டிசம்பர் விடுமுறை இரண்டு வாரம். விமான டிக்கெட் விலைக்காகவோ, ஊரில் ஒரு திருமணத்துக்காகவோ, பொங்கல் வரை இருந்துவிட்டு வரலாம் என்றோ அதன் இரு முனைகளிலும் சில நாள்களைச் சேர்த்துக்கொள்வது நாம் இயல்பாகச் செய்வது. தொடக்கப்பள்ளியில் அதனால் பெரிய சேதம் இல்லை. ஹைஸ்கூலில் செமஸ்டர் இறுதித் தேர்வுகள் பெரும்பாலும் விடுமுறைக்குச் சற்று முன்போ அது முடிந்த சில வாரங்களிலோ வருகின்றன என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அந்தச் சில நாள்களின் விலை டிக்கெட்டில் மிச்சமானதைவிட அதிகம்.

எட்டுக்கும் ஒன்பதுக்கும் இடையில்

சிகாகோ தரவுகளில் இன்னொரு போக்கும் தெளிவாகத் தெரிந்தது. எட்டிலிருந்து ஒன்பதுக்குப் போகும்போது சராசரி ஜிபிஏ ஏறத்தாழ அரைப் புள்ளி சரிந்தது. பாடம் கடினமாகிவிட்டது என்பதே எல்லோரும் சொல்லக்கூடிய காரணம். ஆனால் மாணவர்கள் கொடுத்த பதில்களில் ஒன்பதாம் வகுப்புப் பாடம் எட்டாம் வகுப்பைவிடப் பெரிதாகக் கடினமாகிவிட்டதாகத் தெரியவில்லை. மாறியவை வருகையும் படிப்புப் பழக்கமும். காரணம் சொல்லாத விடுப்புகள் பல மடங்கு பெருகின; வீட்டுப்பாடத்தை முடிக்கும் ஒழுங்கு தளர்ந்தது. எட்டாம் வகுப்பில் நல்ல தரம் பெற்றவர்களும் இந்தச் சரிவுக்குத் தப்பவில்லை.

ஏன் இப்படி ஆகிறது என்பதைப் பள்ளியின் அன்றாட அமைப்பைப் பார்த்தால் புரிந்துகொள்ளலாம். தொடக்கப்பள்ளியில் ஒரு பிள்ளை வராவிட்டால் ஒரே ஆசிரியருக்கு அது உடனே தெரியும். வீட்டுப்பாடம் கொண்டுவராவிட்டால் மதிய இடைவேளையில் உட்காரவைத்து எழுதவைப்பார். ஹைஸ்கூலில் ஆறேழு ஆசிரியர்கள், ஒவ்வொருவருக்கும் நூற்றுக்கும் மேற்பட்ட மாணவர்கள். மணி அடித்தால் மாணவர் அறை மாறுகிறார்; எந்த ஆசிரியரும் அவரை முழு நாளும் பார்ப்பதில்லை. அங்கிருந்த ஆசிரியர்களில் பலர், பிள்ளைகள் இனிமேல் தாங்களே பொறுப்பேற்றுக்கொள்ளக் கற்க வேண்டும் என்ற நல்ல எண்ணத்திலேயே ஒதுங்கி நின்றார்கள். பதினான்கு வயதுப் பிள்ளைக்கு அந்த ஒதுங்கல், யாரும் கவனிக்கவில்லை என்ற செய்தியாகவே போய்ச் சேர்ந்தது.

பள்ளிகள் செய்தது

சிகாகோ பள்ளி நிர்வாகம் 2003 வாக்கில் ஆன்-டிராக் விகிதத்தைப் பள்ளிகளை மதிப்பிடும் அளவுகளில் ஒன்றாகச் சேர்த்தது. அதனால் மட்டும் உடனடியாக எதுவும் மாறிவிடவில்லை. ஆண்டு முடிந்த பிறகு வரும் ஒரு விகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு யாரும் எதையும் திருத்த முடியாது. மாற்றம் வந்தது அந்த ஆண்டு நடந்துகொண்டிருக்கும்போதே பெயர்ப் பட்டியல் கிடைக்கத் தொடங்கியபோதுதான். 2008 வாக்கில் நிர்வாகம் பள்ளிகளுக்கு மூன்று வகைப் பட்டியல்களைத் தரத் தொடங்கியது. பள்ளி திறக்கும் முன்பே, எட்டாம் வகுப்பு வருகையையும் தரத்தையும் வைத்துக் கவனிக்க வேண்டிய பிள்ளைகளின் பட்டியல் ஒன்று. ஆண்டின் நடுவே யார் எந்தப் பாடத்தில் சறுக்குகிறார்கள் என்று காட்டும் பட்டியல் ஒன்று. எஃப் வாங்கி முடித்தவர்களில் யாருக்கு எந்தக் கிரெடிட்டை மீட்க வேண்டும் என்பது இன்னொன்று. மெலிசா ரோடெரிக் முதலான பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உருவாக்கிய ஒரு வலையமைப்பு, இந்தப் பட்டியல்களை எப்படிப் படித்து எப்படிச் செயலில் இறங்குவது என்பதில் பள்ளித் தலைமையாசிரியர்களோடும் ஆசிரியர்களோடும் சேர்ந்து உழைத்தது.

ஒன்பதாம் வகுப்பு ஆசிரியர்கள் குழுவாக உட்கார்ந்து ஒவ்வொரு பெயராகப் பேசினார்கள் என்பதே இந்த முயற்சியின் சாரம். அப்படிப் பேசும்போது தனித்தனியாகத் தெரியாதவை தெரியவரும். ஒரு மாணவர் முதல் பீரியட் பாடத்தில் மட்டும் தோற்கிறார் என்றால் அந்தப் பாடத்தைவிடக் காலையில் அவர் வந்து சேரும் பேருந்தைப் பற்றி விசாரிப்பதே பொருத்தம். எல்லாப் பாடத்திலும் தேர்வில் நல்ல மதிப்பெண், ஒப்படைப்பில் மட்டும் சுழியம் என்றால் அவருக்கு டியூஷன் தேவையில்லை. மாலையில் உட்கார்ந்து எழுத ஓர் இடமும் நினைவூட்ட ஓர் ஆளும் தேவை. கணிதத்தில் மட்டும் சரிவு என்றால் பாடத்திலேயே உதவி வேண்டும். ஒரே எஃப்புக்குப் பின்னால் இப்படி மூன்று வேறு நிலைமைகள் இருக்கலாம் என்பதை, அதுவரை ஒரே மருந்தாகக் கோடை வகுப்பை மட்டும் வைத்திருந்த அமைப்பு மெதுவாகக் கற்றுக்கொண்டது.

2007இல் 57 விழுக்காடாக இருந்த ஆன்-டிராக் விகிதம் 2013இல் 82 விழுக்காடாக உயர்ந்தது. கறுப்பின ஆண் மாணவர்களிடையே, அதாவது அதுவரை மிகவும் பின்தங்கியிருந்த பிரிவினரிடையே, உயர்வு மிக அதிகமாக இருந்தது.

ஐயங்கள்

இவ்வளவு வேகமான உயர்வைக் கண்டு சந்தேகப்படாதவர் கல்வித் துறையில் பணிபுரிந்தவராக இருக்க முடியாது. ஒரு விகிதத்தை வைத்துப் பள்ளியை மதிப்பிட்டால், பள்ளி அந்த விகிதத்தையே குறிவைக்கும். எஃப் போட வேண்டிய இடத்தில் டி போடுவது அதற்கு மிக மலிவான வழி. 2014இல் வெளியான ஆய்வு, 2008, 2009ஆம் ஆண்டுகளில் முந்திக்கொண்டு முன்னேறிய 20 பள்ளிகளை இந்த ஐயத்தோடுதான் பார்த்தது. எஃப் குறைந்த அதே நேரத்தில் பி, ஏ தரங்களும் கூடியிருந்தன. எஃப்பை டி ஆக்கியிருந்தால் மட்டும் அது நடந்திருக்காது. முன்பு பாதியில் நின்றிருக்கக்கூடியவர்களும் பதினொன்றாம் வகுப்பை எட்டி, கல்லூரிச் சேர்க்கைக்கான ஏசிடி தேர்வு எழுதத் தொடங்கியதால் சராசரி சரிந்திருக்க வேண்டும். அது பெரும்பாலும் பழைய நிலையிலேயே நின்றது. பள்ளிப்படிப்பை முடிப்பவர்களின் விகிதமும் அந்தப் பள்ளிகளில் பின்னாளில் உயர்ந்தது. இவை வலுவான பதில்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. அதே சமயம், நகரம் தன் பட்டியல்களை எப்போதும் நேர்மையாகவே எழுதியது என்றும் சொல்லிவிட முடியாது: பள்ளியை விட்டு நின்ற சிலரை வேறு பள்ளிக்கு மாறிப்போனவர்களாகப் பதிவு செய்திருந்ததைப் பத்திரிகையாளர்கள் வெளிப்படுத்திய பிறகு, 2015இல் சிகாகோ நிர்வாகம் தான் வெளியிட்டிருந்த முந்தைய ஆண்டுகளின் நிறைவு விகிதங்களைக் குறைத்துத் திருத்த நேர்ந்தது.

ஆன்-டிராக் அளவுகோலின் உண்மையான குறை வேறிடத்தில் இருக்கிறது. எல்லாப் பாடத்திலும் டி வாங்கியவரும் அதன்படி தடத்தில் இருப்பவரே. அவருடைய ஜிபிஏ 1.0. 35 எடுத்தால் பாஸ் என்ற நினைப்பில் வளர்ந்த நமக்கு டி தரத்தைக் கண்டால் ஒரு நிம்மதி வரும். அந்த நிம்மதி இங்கே செல்லாது. கலிபோர்னியா பல்கலைக்கழகம் தன் சேர்க்கைக்கு வேண்டிய பாடங்களில் சி தரத்துக்குக் கீழ் எதையும் ஏற்பதில்லை. சிகாகோவிலேயே, 2015இல் தொடங்கிய ஸ்டார் உதவித்தொகை, நகர அரசுப் பள்ளிகளில் முடித்தவர்களுக்கு நகரக் கல்லூரிகளில் கட்டணமில்லாக் கல்வி தர முன்வந்தபோது 3.0 ஜிபிஏவையே வாசலாக வைத்தது. 2017இல் வெளியான மற்றோர் ஆய்வு, ஒன்பதாம் வகுப்பு ஜிபிஏ பதினொன்றாம் வகுப்பு ஜிபிஏவையும், பள்ளி நிறைவையும், கல்லூரிச் சேர்க்கையையும் முன்கூட்டிக் காட்டுவதாகச் சொன்னது. ஆலன்ஸ்வொர்த் மற்றொருவரோடு சேர்ந்து 2020இல் வெளியிட்ட ஆய்வில், சிகாகோ பள்ளிகளில் முடித்த 55,000க்கும் மேற்பட்டவர்களின் தரவில், கல்லூரிப் பட்டத்தை முடிப்பதை முன்கூட்டிக் காட்டுவதில் பள்ளி ஜிபிஏ, ஏசிடி மதிப்பெண்ணைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு வலுவாக இருந்தது. ஒரு காலையில் சில மணி நேரம் எழுதும் தேர்வைவிட, நான்கு ஆண்டுகள் நாள்தோறும் வந்து எழுதிக் கொடுத்ததன் பதிவு கல்லூரியின் அன்றாடத்தோடு நெருக்கமாக இருப்பதில் வியப்பில்லை.

வேறு இடங்களில் அதே எண்

ஒரே மாணவரின் ஜிபிஏ, கேட்பவரைப் பொறுத்து மாறும் என்பதையும் புதியவர் தெரிந்துகொள்ள வேண்டும். கலிபோர்னியா பல்கலைக்கழகம் பத்து, பதினொன்றாம் வகுப்புப் பாடங்களை வைத்தே தன் சராசரியைக் கணக்கிடுகிறது. ஒன்பதாம் வகுப்புக் கணக்கில் வராது என்ற பேச்சு அங்கிருந்து பரவியதுதான். ஆனால் ஒன்பதாம் வகுப்பில் தேற வேண்டியவற்றைத் தேறாமல் பத்தாம் வகுப்புப் பாடங்களுக்குள் நுழைய முடியாது. தரங்களும் விண்ணப்பத்தில் தெரியவே செய்யும். ஜார்ஜியா மாநிலத்தின் ஹோப் உதவித்தொகைக்கு 3.0, அதன் மேல்படியான ஜெல் மில்லருக்கு 3.7 வேண்டும். டெக்சாஸ் 1997இல் இயற்றிய சட்டப்படி, பள்ளியில் முதல் பத்து விழுக்காட்டுக்குள் வருபவருக்கு மாநில அரசுப் பல்கலைக்கழகங்களில் தானாகவே இடம் உண்டு. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகத்துக்கு மட்டும் அந்த வரம்பு இன்னும் குறுகியது. இப்படித் தரவரிசை உயிர்நாடியாக இருக்கும் மாநிலத்தில் ஒன்பதாம் வகுப்பின் பி தரம்கூடப் பெரிய பேச்சாகிவிடுகிறது.

எடையிட்ட ஜிபிஏவும் இங்குதான் வருகிறது. ஹானர்ஸ், ஏபி போன்ற கடினப் பாடங்களுக்குப் பல பள்ளிகள் கூடுதல் புள்ளி தந்து 5 வரை கணக்கிடும். ஏபி பாடத்தில் பி வாங்கியவரும் சாதாரண வகுப்பில் ஏ வாங்கியவரும் அந்தக் கணக்கில் சமம். ஏபியில் சி வாங்கியவர் பின்தங்கிவிடுவார். எடை நீக்கிப் பார்க்கும் கல்லூரிகளிடம் அவர் இன்னும் பின்தங்குவார். முதல் செமஸ்டரிலேயே எல்லாப் பாடத்தையும் ஹானர்ஸில் போட்டுவிட வேண்டும் என்று கவுன்சிலரிடம் (பாடத்தேர்வுக்கு வழிகாட்டும் பள்ளி ஆலோசகரிடம்) வாதாடும் பெற்றோர் நம்மில் நிறைய உண்டு. புதிய பள்ளிக்குப் பழகும் ஆண்டில், பிள்ளைக்கு உண்மையிலேயே வலுவுள்ள ஒன்றிரண்டு பாடங்களில் மட்டும் மேல்நிலை வகுப்பை எடுத்து, மற்றவற்றைப் பத்தாம் வகுப்புக்கு விடுவதே அறிவுடைய தேர்வு என்பது என் கருத்து.

பத்தாம் வகுப்பிலோ பதினொன்றிலோ இந்தியாவிலிருந்து போய்ச் சேருபவரின் நிலை தனி. அமெரிக்கப் பள்ளி ஒன்பதாம் வகுப்பு முதலான மதிப்பெண் பட்டியலைக் கேட்கும். இந்தியாவிலிருந்து நேரடியாக விண்ணப்பிப்பவர்களிடம் அமெரிக்கக் கல்லூரிகள் பலவும் அதையே கேட்கின்றன. யாரும் கேட்கமாட்டார்கள் என்று பரணில் போட்ட ஒன்பதாம் வகுப்பு மதிப்பெண் அட்டையைத் தேடி, பழைய பள்ளியின் முத்திரையோடு மறுபடி வாங்கும் அலைச்சல் பல குடும்பங்களுக்கு உண்டு. புதிய பள்ளி அந்த மதிப்பெண்களைத் தரப்புள்ளியாக மாற்றிச் சேர்க்குமா, கிரெடிட் மட்டும் கொடுத்துச் சராசரியில் விட்டுவிடுமா என்பதைச் சேர்க்கையின்போதே எழுத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும். நம் பாடத்திட்டத்தில் மதிப்புமிக்கதான 75 விழுக்காடு, அவர்கள் அளவுகோலில் அப்படியே வைத்துப் பார்க்கப்பட்டால் வெறும் சி ஆகிவிடும்.

முதல் செமஸ்டரின் நாட்காட்டி

சிகாகோ பள்ளிகளில் ஐந்தாவது வாரத்தில் ஒரு முன்னேற்ற அறிக்கையும் பத்தாவது வாரத்தில் முதல் காலாண்டு அறிக்கையும் வரும். வேறு மாவட்டங்களிலும் ஏறத்தாழ இதே ஒழுங்குதான். ஐந்தாவது வாரத்து எண் மதிப்பெண் பட்டியலில் ஏறாது என்பதால் அதைப் பொருட்படுத்தாமல் விடுபவர்கள் அதிகம். சிகாகோவின் ஆசிரியர் குழுக்கள் மிகவும் விரும்பிப் பயன்படுத்தியது அத்தகைய எண்களைத்தான், ஏனெனில் அந்த நேரத்தில் பதிவேட்டில் ஏழெட்டு ஒப்படைப்புகளே இருக்கும். விடுபட்ட ஒன்றைக் கொடுத்துவிட்டாலே தரம் ஒரு படி ஏறிவிடும். அதே ஒப்படைப்பைப் பதினைந்தாவது வாரத்தில் கொடுத்தால், ஆசிரியர் ஏற்றுக்கொண்டாலும், இருபது முப்பது பதிவுகளுக்கு நடுவே அது சராசரியை மெல்ல அசைக்க மட்டுமே செய்யும்.

ஆகவே புதிய மாணவர் வாரத்தில் ஒரு நாள், ஞாயிறு மாலை என்று வைத்துக்கொள்ளலாம், பவர்ஸ்கூல், இன்ஃபினிட் கேம்பஸ் போன்ற பள்ளியின் இணையப் பதிவேட்டைத் திறந்து, தரத்தைப் பார்ப்பதற்கு முன் விடுபட்டவை என்று குறிக்கப்பட்டிருப்பவற்றைப் பார்ப்பது நல்லது. கொடுத்த ஒப்படைப்பே விடுபட்டதாகப் பதிவாகியிருப்பதும் உண்டு. அதை அந்த வாரத்திலேயே சொன்னால் ஆசிரியர் உடனே திருத்திவிடுவார். வராத நாளின் பாடத்தை யாரிடம் கேட்பது, எத்தனை நாளுக்குள் கொடுக்கலாம் என்பது பாடத்திட்டத் தாளிலேயே இருக்கும். பெற்றோர் அதே பதிவேட்டை நாளுக்கு நான்கு முறை திறந்து, அலுவலகத்திலிருந்தே பிள்ளைக்குக் குறுஞ்செய்தி அனுப்புவதால் பயன் குறைவு. பிள்ளையோடு சேர்ந்து வாரம் ஒருமுறை பார்த்து, எந்தப் பாடத்தில் என்ன விடுபட்டிருக்கிறது என்று பிள்ளையையே சொல்லவிட்டுக் கேட்டால் போதும்.

பத்தாவது வாரத்தில் ஒரு பாடம் எஃப் பக்கம் சாய்ந்திருந்தால், ஆசிரியரிடம் போய் "என் தரத்தை எப்படி உயர்த்துவது?" என்று பொதுவாகக் கேட்பதைவிட, "விடுபட்ட இந்த மூன்றில் எவற்றை இன்னும் ஏற்றுக்கொள்வீர்கள், எது அதிக எடையுள்ளது?" என்று பதிவேட்டைக் காட்டிக் கேட்பதே பயனுள்ளது. பெரும்பாலான ஆசிரியர்கள் அந்தக் கேள்விக்கு அங்கேயே பதில் சொல்லிவிடுவார்கள். செமஸ்டர் முடிந்து தரம் பட்டியலில் ஏறிய பிறகு அதே ஆசிரியருக்கு அந்த அதிகாரம் பெரும்பாலும் இருக்காது. அப்போது போக வேண்டிய இடம் கவுன்சிலரின் அறை, கேட்க வேண்டியது கோடையில் அந்தக் கிரெடிட்டை மீட்க எந்தத் தேதிக்குள் பெயர் கொடுக்க வேண்டும் என்பது.